சிங்கப்பூரில் சட்டம் படித்தவர் அமெரிக்காவில் வாக்குரிமை ஃபெல்லோஷிப்புக்கு முயலலாமா?

தாராளமாக முயலலாம். நான் இரண்டு முறை விண்ணப்பித்தேன், இரண்டாம் முறை கிடைத்தது. முதல் விண்ணப்பம் ஏன் தோற்றது என்பதைத்தான் உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

அதில் மக்களாட்சியின் மாண்பைப் பற்றி மூன்று பக்கம் எழுதியிருந்தேன். ஒரு வாக்காளர்கூட அதில் இல்லை. இந்த ஃபெல்லோஷிப் படிப்பு உதவித்தொகை அல்ல. பெரும்பாலும் ஓராண்டோ ஈராண்டோ ஓர் அமைப்பில் சம்பளத்துக்குச் செய்யும் வழக்கறிஞர் வேலை. பல இடங்களில் திட்டத்தை நீங்களே வகுத்துத் தர வேண்டும். யாருடைய வாக்கு எங்கே தடைபடுகிறது, எந்தச் சட்டப்பிரிவு அவருக்குக் கைகொடுக்கும் என்றுதான் கேட்பார்கள்.

அடுத்த முறை என் பாட்டியிலிருந்து தொடங்கினேன். சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்தில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில்தான் வாக்களிப்பு நிலையம். பாட்டிக்குப் பார்வை மங்கிவிட்டது, கையும் நடுங்கும். சிங்கப்பூரில் தேர்தல் அதிகாரிதான் உதவலாம், குடும்பத்தார் கூடாது. நான் வாக்களித்துவிட்டுத் திரும்பும்போது, பாட்டி சேலைத் தலைப்பால் வாயை மறைத்துக்கொண்டு அந்த அதிகாரியின் காதருகே ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அறுபது ஆண்டுகளாக யாரிடமும் சொல்லாத ஒன்றை அன்று ஓர் அந்நியரிடம் சொன்னார்.

அமெரிக்க வாக்குரிமைச் சட்டம் 1965இல் வந்தது. அதன் 208ஆம் பிரிவின்படி, பார்வைக் குறைபாடு, உடற்குறை, வாசிக்கவோ எழுதவோ இயலாமை காரணமாக உதவி தேவைப்படுபவர் தாம் நம்பும் ஒருவரையே உடன் அழைத்துச் செல்லலாம். முதலாளியோ தொழிற்சங்கத்தின் சார்பாளரோ மட்டும் கூடாது. ஆனால் ஆர்கன்சா மாநிலம், ஒருவர் ஆறு வாக்காளர்களுக்கு மேல் உதவக் கூடாது என்று சட்டம் வைத்திருந்தது. அது நீதிமன்றத்துக்குப் போனது. ஆங்கிலம் அறியாத ஆசிய முதியவர்களுக்கு இந்தப் பிரிவு எப்படிக் கைக்கு எட்டும் என்பதே என் திட்டமாயிற்று.

விண்ணப்பிக்குமுன் சிங்கப்பூரின் ஹவ்காங் தொகுதி இடைத்தேர்தல் வழக்கின் 2013 தீர்ப்பை அவசியம் படியுங்கள். காலியான தொகுதிக்கு நியாயமான காலத்துக்குள் தேர்தல் நடத்த வேண்டும், பிரதமருக்கு அதில் கட்டற்ற விருப்புரிமை இல்லை என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. வழக்குத் தொடுத்தவர் அத்தொகுதியில் வாழ்ந்த, துப்புரவுப் பணி செய்த நம் சமூகத்துப் பெண்மணி. அவருடைய மேல்முறையீடு தள்ளுபடியானது. ஆனாலும் அவர் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்தது. ஒரு தனி வாக்காளரின் குறையைச் சட்டக் கேள்வியாக மாற்றுவது எப்படி என்று அதில் கற்றுக்கொண்டேன்.

விசாவை முன்கூட்டியே யோசியுங்கள். அமெரிக்காவில் முதுநிலைச் சட்டம் படித்தால் மாணவர் விசாவில் அதன்பின் 12 மாதமே வேலை செய்யலாம். ஈராண்டு ஃபெல்லோஷிப்புக்கு அது போதாது. சிங்கப்பூர்க் குடிமக்களுக்கென்று எச்-1பி1 என்ற வேலை விசா இருக்கிறது, ஆண்டுக்கு 5,400 இடங்கள். இதைப் பல அமைப்புகள் அறிந்திருப்பதில்லை. நேர்காணலில் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். நானும் அப்படித்தான் சொன்னேன்.