ரப்பர் தோட்டத்துக்கும் மலைப்பாதைக்கும் எந்த ஏடிவி?

அண்ணாச்சி, பேச்சிப்பாறைப் பக்கத் தோட்டத்தில் 40 லிட்டர் ரப்பர் பால் கேன் இரண்டை இறக்கவும், ஓய்வு நாளில் மலைப்பாதை ஓட்டவும் ஏடிவி (கரடுமுரடான தரையில் ஓடும் நாலு சக்கர வண்டி) வாங்க, எஞ்சின் 570 சிசியா, 850ஆ என்று கேட்டிருக்கிறீர்கள். 570 தாராளம். மிச்சப் பணத்தில் ஒரு சின்ன டிரெய்லர் வாங்குங்கள்.

நிறைந்த கேன் இரண்டும் 80 கிலோவைத் தாண்டும். அதைப் பின் கேரியரில் கட்டி மேடேறினால் முன்சக்கரம் தூக்கும். கேன்களை டிரெய்லரில் தாழ்வாகக் கட்டுங்கள். இறக்கத்தில் டிரெய்லர் வண்டியைத் தள்ளும். அதனால் எஞ்சின் பிரேக்கிங் (ஆக்சிலரேட்டரை விட்டதும் எஞ்சினே வேகத்தைக் குறைப்பது), லோ கியர் இரண்டும் உள்ள வண்டியாகவே பாருங்கள்.

பலர் கெடுப்பது, எஞ்சின் விசையைச் சக்கரத்துக்குக் கடத்தும் பெல்ட்டைத்தான். சுமையோடு ஹை கியரில் ஊர்ந்தால் பெல்ட் வழுக்கிச் சூடேறும், கருகல் வாடை வரும். சுமை ஏற்றியதுமே லோவுக்கு மாற்றுங்கள். ஓடை கடந்தபின் வண்டி இழுக்காவிட்டால் பெல்ட் இருக்கும் கிளட்ச் மூடிக்குள் தண்ணீர் போயிருக்கும். அடி வடிகால் மூடியைக் கழற்றி வடியவிட்டு, நியூட்ரலில் எஞ்சினை உறுமவிட்டுப் பெல்ட்டை உலர்த்துங்கள். சேறு அடைத்த ரேடியேட்டரை வேகமில்லாத தண்ணீரில் கழுவுங்கள், பிரஷர் வாஷர் தகடுகளை மடக்கிவிடும்.

வேர், பாறை நிறைந்த பாதைக்கு, பின்சக்கரம் ஒவ்வொன்றும் தனியாக ஏறி இறங்கும் சஸ்பென்ஷன் நல்லது.

தார் ரோட்டைத் தாண்ட வேண்டுமா? 2020இல் பொலாரிஸ் ஸ்போர்ட்ஸ்மேன் 570 ஏடிவி, ரோட்டில் ஓட்டப் பதிவு செய்யக்கூடிய டிராக்டர் வகையில் வந்தது. வாங்குமுன் பதிவுச் சான்றைக் கையில் வாங்கிப் பாருங்கள். வன எல்லைக்குள் அனுமதியில்லாமல் வண்டியை ஓட்டாதீர்கள்.