டவர் இல்லாத கிளப் கான்டெஸ்ட்டில் இறங்குவது வீண்வேலையா?

கேள்வி: மயிலாடுதுறை பக்கம் நாலைந்து ஹாம்கள் (உரிமம் பெற்ற அமெச்சூர் ரேடியோக்காரர்கள்) சேர்ந்து சின்னதாக ஒரு கிளப் வைத்திருக்கிறோம். டவர் கிடையாது, பீம் (ஒரே திசையில் வீசும் ஆன்டெனா) கிடையாது, 100 வாட் ரேடியோ ஒன்றுதான். சிக்யூ வேர்ல்டு வைடு மாதிரி, குறித்த நேரத்துக்குள் உலகெங்கும் உள்ள ஹாம்களோடு பேசிப் புள்ளி சேர்க்கும் கான்டெஸ்ட்டில் கலந்துகொள்வது வீண்வேலை என்று சீனியர் ஒருவர் சொல்கிறார். உண்மையா?

உங்கள் சீனியர் வீட்டு மாடியில் மூன்று எலிமென்ட் பீம் நிற்கிறது என்று பந்தயம் கட்டுகிறேன். இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது, அதனால்தான் நீளமாக எழுதுகிறேன். டவர் வைத்திருப்பவர்கள் கோபிக்க வேண்டாம். 60 அடியில் பீம் சுற்றினால் புள்ளி கூடும், அதில் எனக்கு வழக்கில்லை. ஆனால் நம் டெல்டாவில் சின்ன கிளப்புகள் புள்ளியைத் தொலைப்பது இரைச்சலில், ஒல்லியான பேட்டரி ஒயரில், தப்பாக ஏற்றிய லாகில் (தொடர்புப் பதிவேட்டில்). ஆன்டெனா உயரமெல்லாம் அதற்கப்புறம்தான்.

உங்கள் கையில் ஏற்கெனவே ஒரு துருப்புச்சீட்டு இருக்கிறது. சிக்யூ வேர்ல்டு வைடில் உலகை மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள், நாம் 22-ஆம் மண்டலம். இந்தியா, இலங்கை, நேபாளம், பூட்டான், வங்கதேசம், மாலத்தீவு அவ்வளவும் இதற்குள் அடக்கம், ஆனாலும் கான்டெஸ்ட் நேரத்தில் குரல் கொடுப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். ஐரோப்பாக்காரருக்கு நாம் மல்டிப்ளையர், அதாவது மொத்தப் புள்ளியைப் பெருக்கும் எண்ணைக் கூட்டித் தருபவர். வியூ (இந்திய ஹாம்களின் அழைப்புக்குறி தொடங்கும் எழுத்துகள்) என்று கேட்டதும் அவரே காதைத் தீட்டிக்கொண்டு நம்மைத் தேடுவார். 50 வாட்டுக்கே பைல்அப் (ஒரே நேரத்தில் பலர் நம்மைக் கூப்பிடும் கூட்டம்) கூடும். வேறு கண்டத்தோடு பேசினால் 3 புள்ளி, ஆசியாவுக்குள் வேறு நாட்டோடு 1 புள்ளி, இந்தியாவுக்குள் 0. பூஜ்யம்தானே என்று உள்ளூர்க்காரரை ஒதுக்காதீர்கள். புள்ளி இல்லாவிட்டாலும் ஒவ்வொரு பேண்டிலும் அந்த ஒரு தொடர்பு மண்டலம், நாடு என்று இரண்டு மல்டிப்ளையர் தரும்.

இப்போது ஆன்டெனா. டெல்டாவில் டவருக்குப் பதில் தென்னை இருக்கிறது. 40 மீட்டர் பேண்டுக்கு (7 மெகாஹெர்ட்ஸ் பக்கம்) இன்வெர்ட்டட் வி, அதாவது நடு உச்சியிலிருந்து இரண்டு காலும் சரிந்து இறங்கும் ஒயர் ஆன்டெனா கட்டுங்கள். 143-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் மொத்த நீளம் மீட்டரில் வரும். 7.1-க்கு 20.14 மீட்டர், பக்கத்துக்கு 10.07. வீட்டு வயரிங்குக்கு வாங்கும் 1.5 சதுர மி.மீ. பல இழை ஒயர் போதும். பிவிசி உறை இருப்பதாலும், வி வடிவத்தில் தொங்குவதாலும் சரியான நீளம் இதைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் முடியும். ஆனாலும் முதலில் 10.4 மீட்டராக வெட்டி, ஏற்றி, எஸ்டபிள்யூஆர் (ஆன்டெனா எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் அளவு) பாருங்கள். இரு பக்கமும் 10 செ.மீ. குறைத்தால் ஏறக்குறைய 70 கிலோஹெர்ட்ஸ் மேலே நகரும். குறைப்பது என்றால் வெட்டாமல், முனையை இன்சுலேட்டர் வழியாக மடித்து ஒயரோடு ஒயராக முறுக்கிவிடுங்கள். அதிகமாகப் போய்விட்டால் திரும்பப் பிரித்துக்கொள்ளலாம்.

உச்சி 12 மீட்டர் உயரத்தில் இருந்தால் முனைகள் 5 மீட்டருக்குக் கீழே வரக்கூடாது. அப்போதுதான் இரு காலுக்கும் நடுவே 90 டிகிரி கிடைக்கும். பலரும் முனையைக் கொல்லை வேலியில் கட்டிவிட்டு ஆன்டெனா சரியில்லை என்று புலம்புகிறார்கள். முனைக்கு மூங்கில் நட்டு, மிச்ச தூரத்தைக் கயிற்றால் நிரப்புங்கள். இதே ஒயர் மூன்று மடங்கு அதிர்வெண்ணில், 15 மீட்டர் பேண்டிலும் ஓடும். கொஞ்சம் மேலே தள்ளி உட்காரும், ரேடியோவில் உள்ள டியூனரே சமாளித்துவிடும். 20 மீட்டருக்கும் 10 மீட்டருக்கும் அதே ஃபீடு பாயின்ட்டிலிருந்து (கேபிள் ஆன்டெனாவோடு சேரும் இடம்) 5 மீட்டர், 2.5 மீட்டர் கால்களைத் தனித்தனியாக விரித்துக் கட்டுங்கள். நீளமானதை முதலில் டியூன் செய்ய வேண்டும். குட்டையிலிருந்து ஆரம்பித்தால் ஒன்றைத் தொட இன்னொன்று கலையும்.

தென்னையில் கட்டும்போது செய்யும் தவறு, கப்பியை மரத்தோடு ஒட்டிக் கட்டுவது. மட்டை விழும்போது ஒயரையும் இழுத்துக்கொண்டுதான் விழும். ஒரு மீட்டர் மூங்கில் துண்டைக் குறுக்கே வெளியே நீட்டிக் கட்டி, அதன் நுனியில் கப்பியைத் தொங்கவிடுங்கள். கயிறு மரத்தை அறுக்காமலிருக்க அடியில் பழைய சைக்கிள் டியூப். காற்றடித்தால் தென்னை ஆடும், விறைப்பாகக் கட்டிய ஒயர் அறுந்துவிடும். ஆகவே முனைக் கயிறுகளைக் கட்டிப்போடாமல் கப்பி வழியாக விட்டு, இரண்டு லிட்டர் பாட்டிலில் தண்ணீர் நிரப்பி எடையாகத் தொங்கவிடுங்கள். கடையில் கிடைக்கும் வெள்ளை பிளாஸ்டிக் கயிறு ஒரு கோடையில் மாவாகிவிடும், கறுப்புக் கயிறு வாங்குங்கள். மின்கம்பி போகும் பக்கம் கிட்டவே போகாதீர்கள். ஒயர் அறுந்து எந்தப் பக்கம் விழுந்தாலும் கம்பியில் படாத தூரம் இருக்க வேண்டும்.

கோஆக்ஸ் (ரேடியோவையும் ஆன்டெனாவையும் இணைக்கும் கேபிள்) விஷயத்தில் கஞ்சத்தனம் எங்கே செல்லும், எங்கே செல்லாது என்று சொல்லிவிடுகிறேன். 30 மீட்டர் ஆர்ஜி-58 என்ற ஒல்லி கோஆக்ஸ் போட்டால் 7 மெகாஹெர்ட்ஸில் பவரில் கால்வாசி போகும், பரவாயில்லை. 28-ல் ஏறக்குறைய பாதி போகும். 144-ல் முக்கால்வாசி கேபிளுக்கே. எச்எஃப்-க்கு (30 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே) மட்டும் என்றால் ஆர்ஜி-58 போதும். கனெக்டரைச் சுற்றி ரப்பர் டேப், அதன்மேல் சைக்கிள் டியூப் பட்டை. வீட்டுக்குள் நுழையும் இடத்தில் கேபிளைக் கீழே ஒரு வளைவு விட்டு ஏற்றுங்கள், மழைத்தண்ணீர் அங்கே சொட்டிவிடும். இதை விட்டால் பின்னல் வழியே தண்ணீர் ஊறி, உள்ளே செம்பு கறுத்துப்போய், கார்த்திகைக்குள் எஸ்டபிள்யூஆர் ஆட ஆரம்பிக்கும். நாகை, வேதாரண்யம் பக்கம் உப்புக்காற்று வேறு, அங்கே வருடத்துக்கு ஒருமுறை கனெக்டரை மாற்றிவிடுவதே நிம்மதி.

12 மீட்டர் உயரத்து வி, 40-ல் பெரும்பாலும் வானத்தைப் பார்த்துத்தான் வீசும். தூரத்து ஐரோப்பாவுக்கு வெர்டிகல் (செங்குத்தாக நிற்கும் ஆன்டெனா) மேல். ஐப்பசியில் சம்பா நட்ட வயலில் தண்ணீர் நிற்கும் களிமண், அதைவிட நல்ல தரை எங்கே கிடைக்கும்? வரப்போரம் ஒரு மூங்கிலில் 10 மீட்டர் ஒயரை நிமிர்த்தி, அதன் அடியிலிருந்து தரையில் நாலாபுறமும் 16 ரேடியல் ஒயர் விரித்தால் போதும். களிமண் நல்ல தரைதானே என்று ரேடியலை விட்டுவிடாதீர்கள்.

இனி இரைச்சல். ரேடியோவைப் பேட்டரியில் போட்டு, வீட்டு மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு எஸ்-மீட்டரை (ரேடியோவில் சிக்னல் பலம் காட்டும் முள்) பாருங்கள். எஸ்-7-லிருந்து எஸ்-3-க்கு இறங்கினால் எதிரி வீட்டுக்குள்தான் இருக்கிறான். எல்இடி பல்பு, மோடத்தின் அடாப்டர், கொசு பேட் சார்ஜர், சார்ஜ் ஏறும் இன்வெர்ட்டர் என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துப் பிடியுங்கள். இறங்கவில்லையென்றால் வெளியே. சின்ன ஏஎம் டிரான்சிஸ்டரை ஸ்டேஷன் இல்லாத இடத்தில் வைத்துத் தெருவில் நடங்கள், எந்தக் கம்பத்தடியில் கூடுகிறதோ அங்கே. கடற்கரை ஊர்களில் கம்பத்து இன்சுலேட்டரில் உப்புப் படிந்து, பனி இறங்கும் நேரத்தில் ஊர்ந்து பொறிவிடும். ஜிர்ரென்று ஒரே சீராக ஒரு சத்தம். நல்ல மழை ஒன்று கழுவிவிட்டால் நின்றுபோகும். மழை பெய்தும் நிற்கவில்லையென்றால் அது தளர்ந்த கிளாம்ப், மின்வாரியத்தில் கம்பத்து எண்ணோடு எழுதிக் கொடுங்கள். "எங்கள் ஏரியாவில் ரேடியோ இரைகிறது" என்று மட்டும் எழுதினால் யாரும் வரமாட்டார்கள்.

எதிர்ப்பக்கத் தொல்லையும் உண்டு. கோயில் திருவிழாவுக்கு நூறு மீட்டர் ஸ்பீக்கர் ஒயர் ஓடுகிறது என்றால் அதுவும் ஓர் ஆன்டெனாதான். உங்கள் எஸ்எஸ்பி (ஹாம்கள் குரலுக்குப் பயன்படுத்தும் முறை) குரல் மாரியம்மன் பாட்டுக்கு நடுவே வாத்து கத்துவது மாதிரி வரும். சவுண்டு சர்வீஸ்காரரிடம் முதலிலேயே பேசி, ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் ஸ்பீக்கர் ஒயரை ஃபெரைட் வளையத்தில் ஏழெட்டுச் சுற்று சுற்றிக் கொடுங்கள். ஃபீடு பாயின்ட்டிலும் அதேபோல் கோஆக்ஸைச் சுற்றி ஒரு சோக் போட்டுவிட்டால் பாதித் தொல்லை அங்கேயே தீரும்.

கரன்ட்: அக்டோபர் கடைசியில் வடகிழக்குப் பருவமழை, எப்போது போகும் என்று சொல்ல முடியாது. வீட்டு இன்வெர்ட்டரின் 150 ஆம்பியர்-அவர் டியூபுலர் பேட்டரியே போதும். பாதிக்கு மேல் இறக்கக்கூடாது, ஆக 75. கேட்கும்போது ஒன்றரை ஆம்பியர், பேசும்போது உச்சத்தில் 20, சராசரி 5 என்று வைத்தால் 15 மணி நேரம். ஆனால் எல்லாரும் சறுக்கும் இடம் ஒயர். மூன்று மீட்டர் தூரத்துக்கு 2.5 சதுர மி.மீ. ஒயர் போட்டால் போகவர ஆறு மீட்டரில் 20 ஆம்பியருக்கு 0.9 வோல்ட் விழும். பேட்டரியில் 12.4 இருந்தாலும் ரேடியோ முனையில் 11.5. குரல் கரகரக்கும், சில ரேடியோ அணைந்தே போகும், நீங்கள் ரேடியோவைத் திட்டுவீர்கள். 6 சதுர மி.மீ. போட்டால் இழப்பு 0.4-க்குள். பாசிட்டிவ் முனைக்குப் பக்கத்திலேயே 25 ஆம்பியர் ஃப்யூஸ். உங்களில் வியூ3, அதாவது ரெஸ்ட்ரிக்டட் கிரேடு ஆள் மைக் பிடித்தால் பவரை 50 வாட்டுக்கு இறக்குங்கள். எதிர்முனையில் அரை எஸ்-யூனிட் வித்தியாசம், யாருக்கும் தெரியாது. இடி இடித்தால் கோஆக்ஸைக் கழற்றி வெளியே போட்டுவிட்டு டீ குடிக்கப் போங்கள். புள்ளி பிறகு வரும்.

நேரக்கணக்கு இதுதான். எஸ்எஸ்பி கான்டெஸ்ட் அக்டோபரின் கடைசி முழு வார இறுதி, மோர்ஸ் நவம்பரில். சனி காலை 5.30-க்கு ஆரம்பித்து திங்கள் காலை 5.30 வரை, 48 மணி நேரம். காலையில் 15, 10 மீட்டர்களில் ஜப்பான், ஆஸ்திரேலியா. மதியத்துக்கு மேல் அதே பேண்டில் ஐரோப்பா. இருட்டியதும் 20, 40. மூன்று மூன்று மணி நேர ஷிப்ட் போடுங்கள். ஒருவர் மைக், ஒருவர் லாக், மூன்றாமவர் தூங்கட்டும். மைக் பட்டனைக் கையால் அழுத்திக்கொண்டே இருக்க முடியாது, பழைய தையல் மெஷின் மோட்டார் பெடலைத் திறந்து உள்ளே சின்ன சுவிட்ச் வைத்தால் அருமையான பிடிடி (பேசுவதற்கு அழுத்தும் சுவிட்ச்).

ஒவ்வொரு தொடர்பிலும் சொல்ல வேண்டிய பரிமாற்றம் "ஃபைவ் நைன் டூ டூ", அதாவது சிக்னல் அறிக்கை 59, மண்டலம் 22. "ட்வென்டி டூ" என்றால் இத்தாலிக்காரர் மறுபடி கேட்பார், பத்து நொடி போச்சு. ஜூலையில் வரும் ஐஏஆர்யூ (உலக ஹாம் சங்கங்களின் கூட்டமைப்பு) கான்டெஸ்ட்டில் கேட்பது ஐடியூ மண்டலம் என்ற வேறொரு பிரிவு, அதில் நாம் 41. ஆல் ஏஷியன் கான்டெஸ்ட்டில் வயதைச் சொல்ல வேண்டும். எந்தக் கான்டெஸ்ட் என்று லாகர் மென்பொருளில் சரியாகத் தேர்வு செய்யாமல் இரவு முழுக்க 22-ஐ வாரி வழங்கினால் மொத்தமும் வீண். கம்ப்யூட்டர் கடிகாரத்தை இணையத்தோடு சரிபார்த்து, லாகில் யூடிசி (உலகப் பொது) நேரம் விழுகிறதா என்று முதல் தொடர்பிலேயே பாருங்கள். ஐந்தரை மணி நேரம் தள்ளி விழுந்த லாக்கை எவரோடும் ஒப்பிட முடியாது. காலசைன் (அழைப்புக்குறி) தப்பாக எழுதினால் அந்தத் தொடர்பு போவதோடு தண்டமாகவும் புள்ளி கழியும். சந்தேகமா, மறுபடி கேளுங்கள், கூச்சம் வேண்டாம்.

ஒரு விஷயத்தை இங்கே கொட்டாமல் இருக்க முடியவில்லை. உரிமம் இல்லாமல் ஆன்லைனில் வாங்கிய வாக்கிடாக்கியை வைத்துக்கொண்டு கல்யாண மண்டபக்காரர்கள் 145 மெகாஹெர்ட்ஸில் "இரண்டாம் பந்திக்கு ரசம்" என்று கத்துகிறார்கள். நாம் தேர்வெழுதி, போலீஸ் விசாரணை முடிந்து, மாதக்கணக்கில் காத்திருந்து உரிமம் வாங்குகிறோம். 2018 நவம்பரில் கஜா அடித்து செல்போன் செத்துக் கிடந்தபோது ஹாம் ரேடியோ என்றால் என்ன என்று எல்லாரும் கேட்டார்கள், இப்போது அதே ஆட்கள் ரசத்துக்கு நம் பேண்டைப் பிடித்திருக்கிறார்கள். சரி, கேள்விக்கு வருகிறேன்.

கான்டெஸ்ட் முடிந்து ஐந்து நாட்களுக்குள் கேப்ரிலோ என்ற கோப்பு வடிவில் லாக்கைப் பதிவேற்றிவிடுங்கள். முப்பது தொடர்புதான் என்றாலும் அனுப்புங்கள். லாக் சரிபார்ப்பில் எதிர்முனைக்காரருடைய தொடர்பை உறுதிசெய்ய உங்கள் லாக் உதவும்.

ஒன்று மறந்துவிட்டேன்: கப்பியையும் கயிற்றையும் புரட்டாசி முடிவதற்குள் ஏற்றிவிடுங்கள். மழை பிடித்துவிட்டால் மரம் வழுக்கும், இரட்டைக் கூலி கொடுத்தாலும் ஏற ஆள் வராது.