ஜி53 கேள்வி பதில்: ஜாபை மறந்து மெஷின் ஜீரோவில் இருந்து எண்ணுவது

ஜி53 என்பது சி.என்.சி. மெஷினை அதன் சொந்த ஜீரோவில் இருந்து எண்ணச் சொல்லும் கட்டளை. ஃபேனக் கண்ட்ரோல் உள்ள வி.எம்.சி.யை (செங்குத்து மில்லிங் மெஷின்) வைத்தே பதில் சொல்கிறேன். மற்றவை வரும் இடத்தில் பார்க்கலாம்.

அண்ணா, ஜி54 இருக்கும்போது ஜி53 எதற்கு?

ஜி54 ஜாபுக்குச் (வெட்டும் பொருளுக்கு) சொந்தம்; ஜாபில் நாம் வைத்த ஜீரோவில் இருந்து எண்ணும். ஜாபைப் பிடிக்கும் வைஸைத் தள்ளிப் போட்டால் அந்த ஜீரோவின் தூரமான ஆஃப்செட்டும் மாறும். மெஷின் ஜீரோ எந்த ஜாபை ஏற்றினாலும் அசையாது. அதனால் இசட்டை மேலே தூக்க, ஜாப் மாற்ற டேபிளை முன்னால் கொண்டுவர, டூல் நீளம் அளக்கும் டூல் செட்டர் இருக்கும் இடத்துக்குப் போக ஜி53 நல்லது. அதை வைத்து ஜாப் வெட்டப் போகாதீர்கள்.

ஜி53 போட்ட அடுத்த வரியில் டூல் ஜாப் பக்கம் பாய்ந்துவிட்டது சார்.

அது அந்த ஒரு வரிக்கு மட்டும்தான். அடுத்த வரி பழையபடி ஜி54 கணக்குக்குப் போய்விடும். வேண்டிய வரியிலெல்லாம் எழுதுங்கள்.

எங்கள் செட்டர் (மெஷினைத் தயார் செய்பவர்) மெஷினை ஹோம் நிலைக்கு அனுப்ப ஜி28தான் போடச் சொல்கிறார். எது சரி?

"ஜி91 ஜி28 இசட்0" என்று ஒழுங்காக எழுதினால் இரண்டும் சரிதான். சிக்கல் அந்த ஜி91ல் இருக்கிறது. ஜி91 என்றால் நிற்கும் இடத்தில் இருந்து எண்ணுவது (இன்கிரிமென்டல்), ஜி90 என்றால் ஜீரோவில் இருந்து எண்ணுவது. ஜி28 நேராக ஹோமுக்குப் போகாது; வரியில் எழுதிய புள்ளியைத் தொட்டுவிட்டுத்தான் போகும். ஜி90 இருக்கும்போது இசட்0 என்றால் ஜாபின் ஜீரோ. முதலில் ரேபிடில், அதாவது முழு வேகத்தில், அங்கே இறங்கும்! நான் வேலை பார்த்த ஒரு பட்டறையில் புதுப் பையன் ஒருவன், தேவையில்லை என்று நினைத்து ஜி91ஐ அழித்துவிட்டான். டூல் அப்போது கிளாம்புக்கு மேலே நின்றது. அப்புறம் என்ன நடந்தது என்று சொல்லவேண்டியதில்லை.

இன்னொரு தொல்லை, ஹோம் போனபின் ஜி90ஐத் திரும்பப் போட மறப்பது. அடுத்த எக்ஸ் நகர்வு இன்கிரிமென்டலாக ஓடும்.

நான் "ஜி90 ஜி0 ஜி49 ஜி53 இசட்0" என்று எழுதுவேன். ஜி0 ரேபிட், ஜி49 டூல் நீள ஆஃப்செட்டை நீக்குவது. ஜி90 கட்டாயம்; ஜி91ல் ஃபேனக் ஜி53ஐக் கண்டுகொள்ளாது. ஜி49ஐத் தனி வரியில் விடாதீர்கள், சில மெஷின்களில் ஆஃப்செட் நீங்கிய அளவுக்கு இசட் அந்த வரியிலேயே கீழே இறங்கும். எக்ஸ், ஒய் அதற்கு அடுத்த வரியில்.

எழுதும் முன் ஒருமுறை ஹோம் செய்து, பொசிஷன் பக்கத்தில் மெஷின் எண்ணைப் பாருங்கள். ஹோம் எப்போதும் 0 ஆக இருக்காது. 1240ஆம் பாராமீட்டரில் வேறு எண் இருக்கலாம்.

லேத்தில்?

வெளிப்புறம் வெட்டினால் எக்ஸ் முதலில், பிறகு இசட். ஜாபின் மறுமுனையைத் தாங்கும் டெயில்ஸ்டாக் நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். துளையின் உட்புறம் வெட்டும் போரிங் பார் துளைக்குள் இருந்தால் தலைகீழ்: இசட்டில் வெளியே வந்தபின்தான் எக்ஸ். எக்ஸ், இசட்டுக்குப் பதிலாக யு, டபிள்யூ வேண்டாம், அவை இன்கிரிமென்டல்.

சீமென்ஸ், ஹைடன்ஹைன் கண்ட்ரோல்களில்?

சீமென்ஸில் ஜி53 உண்டு, ஆனால் எல்லா ஜீரோ ஷிஃப்டையும் (ஜீரோவைத் தள்ளி வைக்கும் அளவுகளை) ஒதுக்க சூபா என்ற கட்டளைதான் நம்பகம். டூல் ஆஃப்செட் நீங்க டி0 சேருங்கள். ஹைடன்ஹைனில் வரிக் கடைசியில் எம்91. அதுவும் அந்த வரிக்கு மட்டும்.