கணுக்கால் பூட்ஸ்: கேட்டவையும் பதிலும்

கே: செல்சீ, சக்கா, டெசர்ட் பூட்ஸ் என்கிறார்களே, என்ன வித்தியாசம்?

ப: மூன்றுமே கணுக்கால் உயரம்தான். செல்சீயில் லேஸ் இல்லை. இரு பக்கமும் எலாஸ்டிக், பின்னால் பிடித்து இழுத்துப் போட ஒரு காது. சக்காவில் இரண்டு மூன்று ஜோடி ஓட்டைகளும் லேஸும் இருக்கும். அதே வடிவத்தில் ஸ்வேட் தோலும் (மேலே மென்மயிர் போல இருக்கும் தோல்) கிரேப் ரப்பர் சோலும் (சொரசொரப்பான இயற்கை ரப்பர்) வைத்தால் டெசர்ட். கிளார்க்ஸ் என்ற பிரிட்டிஷ் காலணி நிறுவனத்தின் குடும்பத்து நேதன் கிளார்க், இரண்டாம் உலகப்போரின்போது பர்மாவில் ராணுவ அதிகாரிகள் சிலர் போட்டிருந்த பூட்ஸைக் கவனித்தார். அவர்கள் அதைக் கெய்ரோ கடைத்தெருவில் வாங்கியிருந்தார்கள். அந்த மாதிரியில் கிளார்க்ஸ் செய்த பூட்ஸ் 1950-ல் விற்பனைக்கு வந்தது.

கே: செல்சீ, 1960-களின் பீட்டில்ஸ் இசைக்குழு காலத்துச் சரக்குதானே?

ப: அதைவிட நூறு வருடத்துக்கு மேல் பழசு. விக்டோரியா மகாராணிக்கு பூட்ஸ் செய்துகொடுத்த ஸ்பார்க்ஸ் ஹால் கைவண்ணம். ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கிப் பதப்படுத்தும் முறை வந்த பிறகுதான் உருப்படியான எலாஸ்டிக் கிடைத்தது. பீட்டில்ஸ் போட்டது அதற்கு உயரமான கியூபன் ஹீல் வைத்தது.

கே: என் செல்சீயில் எலாஸ்டிக் தொளதொளவென்று ஆகிவிட்டது. தூக்கிப் போட்டுவிடலாமா?

ப: வேண்டாம். தோலும் சோலும் நன்றாக இருந்தால், செருப்பு தைக்கும் நல்ல தொழிலாளி பழைய துண்டைப் பிரித்துவிட்டுப் புதிதாக வைத்துத் தைத்துவிடுவார். ஆனால் லேஸ் இல்லாத பூட்ஸைக் காலில் பிடித்து நிறுத்துவதே அந்த எலாஸ்டிக்தான், அதனால் வாங்கும்போதே சோதியுங்கள். விரலால் அகட்டி விட்டால் சட்டென்று பழைய நிலைக்கு வரவேண்டும். ஓரத்தில் அலை அலையாக நின்றால் அந்த ஜோடியைத் தொடாதீர்கள். காதை மட்டும் பிடித்து முரட்டுத்தனமாக இழுக்காமல் ஷூ ஹார்ன் (குதிகாலை வழுக்கி உள்ளே விட உதவும் பட்டை) வைத்துப் போட்டால் கூடுதலாக உழைக்கும்.

கே: புது பூட்ஸில் குதிகால் லேசாகத் தூக்குகிறது. சைஸ் தப்பா?

ப: லேசாக என்றால் கவலை வேண்டாம், சோல் வளையப் பழகியதும் குறையும். விரல் நுனி முட்டினால்தான் மாற்ற வேண்டும். தோல் அகலத்தில் கொஞ்சம் இளகும், நீளத்தில் இளகாது. "போடப் போடச் சரியாகிவிடும்" என்று கடைக்காரர் சொன்னால் எதைச் சொல்கிறார் என்று கேளுங்கள்.

கே: சென்னையில் சில வருடம் பீரோவில் பத்திரமாக வைத்த பூட்ஸ். எடுத்துப் போட்டதும் சோல் பொடிப்பொடியாக உதிர்ந்தது. போலியா?

ப: அப்படிச் சொல்ல முடியாது. பாலியூரித்தேன் சோலாக இருக்கும். காற்றிலுள்ள ஈரம் அதை உள்ளுக்குள்ளேயே சிதைத்துவிடும். நம் கடலோரப் புழுக்கத்தில் இன்னும் வேகமாக. இந்த வகை சோலுக்குப் பொத்திப் பொத்தி வைப்பதுதான் ஆகாது. அவ்வப்போது போட்டு நடங்கள், பிளாஸ்டிக் பையில் கட்டி வைக்காதீர்கள். மேல்தோல் நன்றாக இருந்தால் ரப்பர் சோல் மாற்றிப் பார்க்கலாம்.

கே: டொரண்டோவில் இருக்கிறேன். பனிக்காலத்தில் வெள்ளைக் கறை படிகிறது.

ப: சாலையில் தூவும் உப்பு அது. வெள்ளை வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து, துணியில் தொட்டு ஒற்றி எடுங்கள். அப்புறம் உள்ளே செய்தித்தாளை அடைத்து நிழலில் காயவிடுங்கள். ஹீட்டர் பக்கத்தில் வைத்தால் தோல் வெடிக்கும். காய்ந்ததும் கிரீம் தடவுங்கள். ஸ்வேடாக இருந்தால் கிரீம் கூடாது, பிரஷ் மட்டும்.

கே: நான் குள்ளம். எனக்கு நன்றாக இருக்குமா?

ப: பேண்ட்டும் பூட்ஸும் ஒரே நிறமாக இருக்கட்டும், கால் நீளமாகத் தெரியும், போதும்.