படத்தில் வெள்ளை மேகம், வயலில் மழை இல்லையே?

கேள்வி: நிலக்கடலை விழுது இறங்கும் பருவம். செயற்கைக்கோள் படத்தில் எங்கள் பகுதி வெள்ளையாகத் தெரிந்ததால் தண்ணீர் பாய்ச்சவில்லை. ஒரு துளிகூட விழவில்லை. இன்னொரு நாள் படம் மங்கலாகத்தான் இருந்தது. தெளித்த மருந்தைத் தூறல் கழுவிவிட்டது. எதை நம்புவது?

பதில்: நீங்கள் பார்த்தது அகச்சிவப்புப் படம், அதாவது வெப்பத்தைப் பதிவுசெய்யும் படம். அதில் வெள்ளை என்றால் குளிர். மழை என்று பொருளில்லை. உயரமான மேகத்தின் உச்சி குளிர்ந்திருப்பதால் வெளுப்பாகவும், தாழ்வான மேகம் சாம்பலாகவும் தெரியும். பஞ்சை இழுத்துவிட்டதுபோல் உயரத்தில் படரும் கீற்று மேகம் வெறும் பனித்துகள். சற்று அடர்ந்தாலே படத்தில் பளிச்சென்று இருக்கும், ஆனால் தரைக்கு மழை தராது. உங்கள் மருந்தைக் கழுவியது பெரும்பாலும் தாழ்வான, சாம்பலாகத் தெரிந்த மேகமாக இருக்கும்.

பகலில் அதே நேரத்தில் எடுத்த, கண்ணுக்குத் தெரியும் ஒளியில் பதிவான படத்தையும் பக்கத்தில் வையுங்கள். இரண்டிலும் பளிச்சென்றால் கனத்த மேகம். அகச்சிவப்பில் மட்டும் வெள்ளை என்றால் கீற்று. பகல் ஒளிப் படத்தில் வெள்ளை, அகச்சிவப்பில் சாம்பல் என்றால் தாழ்ந்த மேகம், தெளிப்பைத் தள்ளிவையுங்கள்.

ஒரே படத்தைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். கடைசி 3 மணி நேரப் படங்களை ஓடவிடுங்கள். ஓரம் கூர்மையான சிறு புள்ளி விரிந்து வெளுத்துக்கொண்டே போனால் இடிமேகம் வளர்கிறது. ஓரம் பிசிறி மங்கினால் அடங்குகிறது. படத்தில் உள்ள நேரம் பெரும்பாலும் கிரீன்விச் நேரம். பலர் தவறுவது இங்கேதான். இன்னொன்று, 35,786 கி.மீ. உயரத்திலிருந்து செயற்கைக்கோள் சாய்வாகப் பார்ப்பதால் உயர்ந்த மேகம் சில கிலோமீட்டர் தள்ளியும் தெரியலாம்.

மழை அளவு காட்டும் வரைபடங்கள் வேறு வகை. 2014-இல் ஏவப்பட்ட, மழையை அளக்கும் ஜிபிஎம் செயற்கைக்கோளின் ரேடார் மேகத்துக்குள்ளேயே பார்க்கும். ஆனால் அது ஓரிடத்தின் மேல் நிற்காது. அதனால் பல செயற்கைக்கோள்களின் பதிவைச் சேர்த்து 'ஐமெர்க்' என்ற மழைக் கணிப்பு முறை அரைமணிக்கு ஒரு கணக்குத் தருகிறது. அதன் கட்டம் ஒவ்வொன்றும் சுமார் 11 கி.மீ. அகலம், அதாவது ஏறக்குறைய 30,000 ஏக்கருக்கு ஒரே எண். விரைவான பதிப்பே சுமார் 4 மணி நேரம் தாமதம். வட்டார நிலவரம் அறிய அருமையானது. உங்கள் பாத்திக்கு உதவாது.

பாசனத்துக்கு வயலிலேயே மழைமானி வையுங்கள். மரத்தின் உயரத்தைப்போல் இரு மடங்கு தள்ளி, திறந்த வெளியில் இருக்கட்டும். தினமும் காலை ஒரே நேரத்தில் அளந்து கொட்டுங்கள். 1 மி.மீ. மழை ஏக்கருக்கு சுமார் 4,000 லிட்டர். விழுது இறங்க மேல்மண் இளகியிருக்க வேண்டும், 5 செ.மீ. ஆழத்து மண்ணைப் பிடித்தால் உருண்டை நிற்காமல் உதிர்ந்தால், வானத்தைப் பார்க்காமல் அன்றே பாய்ச்சுங்கள்.