சம்பளம், சலிப்பு, நாலரை மா

அன்புள்ள ஐயா,

உங்கள் தளத்தைச் சில வருடங்களாக வாசிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் முறை. பெயரை வெளியிட வேண்டாம்.

எனக்கு வயது 38. சோழிங்கநல்லூரில் ஒரு ஐடி கம்பெனியில் 14 வருடமாக இருக்கிறேன். அமெரிக்க இன்சூரன்ஸ் நிறுவனம் ஒன்றுக்கு புரொடக்‌ஷன் சப்போர்ட். ஆரம்பத்தில் ராத்திரியெல்லாம் கண்விழித்து வேலை பார்த்தேன், ஏதாவது உடைந்தால் சரிசெய்தேன். இப்போது மேனேஜர். மீட்டிங், அப்ரைசல், டைம்ஷீட், திங்கட்கிழமை ஸ்டேட்டஸ் ரிப்போர்ட். அதில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று கட்டங்கள். எங்களுடையது எப்போதும் பச்சை. ஒருமுறை சோம்பலில் போன வார ரிப்போர்ட்டையே தேதியை மட்டும் மாற்றி அனுப்பினேன். "தேங்க்ஸ், லுக்ஸ் குட்" என்று பதில் வந்தது. அடுத்த வாரம் தேதியைக்கூட மாற்றவில்லை. அதே பதில். அன்றிலிருந்து மனசே சரியில்லை.

குறை சொல்லவும் ஒன்றுமில்லை. நல்ல சம்பளம், வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்தே வேலை, மேலதிகாரி தங்கமானவர். அப்பா அரசு பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் சொன்னால் "ஏசியில உக்காந்துகிட்டு உனக்கு என்னடா வலிக்குது?" என்கிறார். மேடவாக்கத்தில் ஃபிளாட், ஈஎம்ஐ 48,000 ரூபாய். அம்மாவுக்குச் சர்க்கரை, போன வருடம் ஸ்டென்ட் வைத்தோம். எல்லாம் கம்பெனி இன்சூரன்ஸில்தான் போயிற்று.

விட்டுவிடலாமா என்று தினமும் தோன்றுகிறது. மன்னார்குடி பக்கம் நாலரை மா நிலம் குத்தகையில் இருக்கிறது. அங்கே போய் இயற்கை விவசாயம் செய்யலாம். அல்லது பள்ளியில் கணக்கு சொல்லித்தரலாம். எழுதவும் ஆசை உண்டு. கணித மேதை ராமானுஜன் துறைமுகத்தில் குமாஸ்தாவாகவே இருந்திருந்தால் நமக்கு ராமானுஜன் கிடைத்திருப்பாரா என்று ஒரு வீடியோவில் கேட்டார்கள். அது மண்டையைக் குடைகிறது. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

ர.

*

அன்புள்ள ர.,

வீடியோக்காரர் கதையைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார். ராமானுஜன் அந்த வேலையைத் தேடிப் போனவர். கணிதம் தவிர மற்ற பாடங்களில் தோற்று, கல்லூரி உதவித்தொகையும் போய், யார் யார் வாசலிலோ நின்று, 1912 மார்ச்சில் மாதம் 30 ரூபாய் சம்பளத்துக்குச் சென்னைத் துறைமுகக் கணக்குப் பிரிவில் சேர்ந்தார். அங்கே அவருக்கு மேலே இருந்த நாராயண ஐயர் தாமும் கணிதக்காரர். துறைமுகத் தலைவர் பிரான்சிஸ் ஸ்பிரிங் ஆதரவாக இருந்தார். 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜில் இருந்த கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தை, துறைமுகக் கணக்குப் பிரிவில் குமாஸ்தா என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டுதான் தொடங்குகிறார். அந்த ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை கொடுத்தது. அதற்குப் பிறகே நாற்காலியை விட்டு எழுந்தார். பிள்ளைக்குப் பசியாற்றிய வேலையை எதற்கு வில்லனாக்க வேண்டும்?

ஒன்று உண்டு. வேலைக்குச் சேரும் முன்பே அவரிடம் கணித நோட்டுகள் நிரம்பியிருந்தன. உங்கள் கடிதத்தில் நான் தேடியது அதைத்தான். ரிப்போர்ட் பற்றிய பத்தியில் இருக்கும் உயிர், விவசாயம், பள்ளி, எழுத்து என்று நீங்கள் அடுக்கும் மூன்றில் எதிலும் இல்லை. எழுத ஆசை என்கிறீர்கள், எழுதியதாக ஒரு வரி இல்லை. வெளியே போக வேண்டும், சரி, எங்கே? அது தெரியாமல் பேப்பர் போட்டு வேலையை விட்டவர்கள் சீக்கிரமே வேறொரு கம்பெனியில் வேறொரு ஸ்டேட்டஸ் ரிப்போர்ட் அனுப்பிக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

அதனால் இப்போதைக்கு இருங்கள். வெட்கப்படவும் வேண்டாம். ஆனால் வெளியே போகும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு இருங்கள். இப்போது அதை உள்பக்கமாகப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள்.

அப்பா கேட்டது நியாயமான கேள்வி. பதிலும் அவர் வேலையிலேயே இருக்கிறது. டிரிப் முடிந்து டிப்போவில் பணத்தையும் டிக்கெட் கணக்கையும் அவர் ஒப்படைப்பார். எதிரே உட்கார்ந்து ஒருவர் எண்ணுவார். குறைந்தால் இவர் பையிலிருந்து போகும். கால் கடுத்து, தொண்டை கட்டி வீட்டுக்கு வந்தாலும் இன்று நாம் செய்ததை ஒருவர் சரிபார்த்தார் என்பது தெரியும். உங்கள் கணக்கை யாரும் எண்ணுவதில்லை. வலி அங்கே. முதல் காரியமாக அந்த ரிப்போர்ட் போகும் ஆட்களுக்கு ஒரு மெயில் எழுதுங்கள்: இதில் எந்தக் கட்டம் உங்களுக்குப் பயன்படுகிறது, மற்றதை எடுத்துவிடலாமா என்று.

எடுத்துவிட்டால் என் வேலைக்கே ஆபத்து வராதா என்று நினைப்பீர்கள். பச்சைக் கட்டம் யாரையும் காப்பாற்றாது. 2025 ஜூலையில் டிசிஎஸ் சுமார் 12,000 பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. பெரும்பாலும் நடுமட்டத்திலும் மேல்மட்டத்திலும் இருந்தவர்கள், அதாவது உங்கள் வயதும் உங்கள் பதவியும். நீங்கள் விடாவிட்டாலும் வேலை உங்களை விடலாம். ஆகவே நான் கீழே சொல்வது இருப்பதற்கும் போவதற்கும் பொது.

அம்மாவின் காப்பீடு. வேலை போகிற அன்றே கம்பெனியின் குரூப் பாலிசியும் போகும். புதிதாகத் தனிப் பாலிசி எடுத்தால், ஏற்கெனவே உள்ள நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் உண்டு. 2024 ஏப்ரல் முதல் அது அதிகபட்சம் 36 மாதம் என்று காப்பீட்டு ஆணையம் வரம்பு வைத்திருக்கிறது. ஸ்டென்ட் வைத்தவருக்கு பிரீமியம் கூடும், சில கம்பெனிகள் மறுக்கவும் செய்யும். எது கிடைக்கிறதோ அதை இப்போதே எடுங்கள், நோய்களை மறைக்காமல் எழுதிக்கொடுத்து. குரூப் பாலிசி ஓடிக்கொண்டிருக்கும்போதே இந்த 36 மாதமும் பின்னணியில் ஓடி முடிந்துவிடும். இதைத் தள்ளிப்போடுகிறவர்கள்தான் பத்து வருடம் கழித்தும் "அம்மாவுக்காகத்தான் இருக்கிறேன்" என்பார்கள். அம்மா பாவம், அவர்களுக்கு இந்தப் பழி எதற்கு?

வேலையை விடும்போது வரும் கிராஜுவிட்டியையும் (பணிக்கொடை) கணக்குப் பாருங்கள். கடைசி அடிப்படைச் சம்பளத்தை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, வேலை பார்த்த ஆண்டுகளால் பெருக்க வேண்டும். அடிப்படைச் சம்பளம் 80,000 என்று வைத்தால் 14 வருடத்துக்கு ஏறக்குறைய ஆறரை லட்சம் வரும். பிஎஃப் பென்ஷனுக்குத் தேவையான 10 வருடத்தையும் தாண்டிவிட்டீர்கள். இன்னும் ரெண்டு வருஷம் இருந்தால் நல்லது என்று ஆபீஸில் சொல்லிக்கொள்வார்களே, அந்தச் சாக்கு உங்களுக்கு இல்லை.

இனி நிலம். நாலரை மா என்றால் ஒன்றரை ஏக்கர். ஏக்கருக்கு இரண்டு டன் நெல் கண்டால் மொத்தம் 30 குவிண்டால். 2025-26 பருவத்தில் தமிழ்நாட்டில் கொள்முதல் விலை, சாதாரண ரகத்துக்கு குவிண்டால் 2,500 ரூபாய். ஆக 75,000 ரூபாய், உழவு, நடவு, அறுப்புக் கூலி கழிப்பதற்கு முன்னால். உங்கள் ஈஎம்ஐக்கு இரண்டு மாதம்கூடத் தாங்காது. இயற்கை முறை என்றால் ஆரம்பத்தில் மகசூல் இறங்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தவிர, அங்கே ஒருவர் பயிர் வைத்துக்கொண்டிருக்கிறார். அவருக்கு 1955லிருந்து குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. உங்களுக்குச் சலிப்புத் தட்டியது என்பதற்காக அவர் எழுந்து வழிவிட வேண்டியதில்லை. இந்தச் சம்பாவுக்கு நடவிலிருந்து தை அறுப்பு வரை மாதம் ஒரு சனி ஞாயிறு போய் அவரோடு வரப்பில் நில்லுங்கள். வாய்க்காலில் தண்ணீர் எப்போது வருகிறது, நடவுக்கு ஆள் எங்கிருந்து வருகிறது, அறுப்பு மெஷினுக்கு மணிக்கு எவ்வளவு, கொள்முதல் நிலையத்தில் மூட்டைகளோடு எத்தனை நாள் காத்துக்கிடக்கிறார் என்று கேளுங்கள். அதற்குப் பிறகும் ஆசை இருந்தால் அது ஆசைதான்.

பள்ளிக்கு பி.எட். வேண்டும், அது இரண்டு வருடம். அதற்கு முன்னால் உங்கள் அபார்ட்மென்டில் கணக்கில் திணறும் பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்று நிச்சயம் இருக்கும். எழுத்துக்கு வேலையை விட வேண்டிய அவசியமே இல்லை. எனக்கு அனுப்பிய இந்தக் கடிதத்தை எந்த நேரத்தில் எழுதினீர்களோ, அந்த நேரம் நாளையும் வரும்.

கடைசியாக ஈஎம்ஐ. உங்களை அந்த நாற்காலியில் கட்டிவைத்திருக்கும் கயிறு அதுதான். வேரியபிள் பே வந்தால் காரை மாற்றாமல் அசலில் கட்டுங்கள். மாறும் வட்டிக் கடன் என்றால் முன்கூட்டிக் கட்டுவதற்கு அபராதம் கிடையாது. கட்டியதும் வங்கியில் வழக்கமாகத் தவணைக் காலத்தைக் குறைப்பார்கள், ஈஎம்ஐ அப்படியே நிற்கும். வட்டிக் கணக்கில் அது லாபம்தான், உங்கள் ஆடிட்டரும் அதையே சொல்வார். ஆனால் 48,000 சம்பாதித்தே ஆகவேண்டிய மாதத்துக்கும் 25,000 போதும் என்கிற மாதத்துக்கும் உங்கள் வாழ்க்கையில் உள்ள வித்தியாசம் ஆடிட்டர் கணக்கில் வராது. காலம் அப்படியே இருக்கட்டும், ஈஎம்ஐயைக் குறையுங்கள் என்று எழுத்தில் கொடுங்கள். வாயால் சொன்னால் மறந்துவிடுவார்கள்.