பாட்டியின் கதையை ஏஐ தேடித் தருமா?

கேள்வி: என் பாட்டி மீனாட்சி 1950களில் பத்திரிகைகளில் கதை எழுதியிருக்கிறார். இணையத்தில் ஸ்கேன் செய்து ஏற்றியிருக்கும் பழைய இதழ்களில் அவர் பெயரைப் போட்டுத் தேடினால் ஒன்றும் வரவில்லை. ஏஐ மூலம் தேடித் தருவதாக ஒருவர் முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். முதலில் இதழின் பிடிஎஃப்பைத் திறந்து ஒரு பத்தியை மவுஸால் இழுத்துப் பாருங்கள். எழுத்துகள் தனியே தேர்வாகவில்லை என்றால் அது வெறும் படம், எந்தப் பெயரைப் போட்டாலும் சிக்காது. தேர்வானால் காப்பி செய்து நோட்பேடில் ஒட்டுங்கள். கணினி என்ன படித்து வைத்திருக்கிறது என்று தெரியும்.

பெரும்பாலும் வயிறுதான் எரியும். 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வரும்வரை ணா, றா, னா, ணை, லை, ளை, னை எல்லாம் வேறு வடிவில் அச்சாயின. படத்தில் உள்ள எழுத்தைப் படித்துத் தருவது ஓசிஆர் மென்பொருள். இன்றைய எழுத்தில் பழகிய அது அங்கே தடுமாறும். 'மீனாட்சி'யில் மீயும் ட்சியும் தேறும், நடுவில் ஏதாவது வந்து உட்காரும். விதிவிலக்கு உண்டு: பெரியாரின் குடிஅரசு 1935இலேயே புதிய வடிவத்துக்கு மாறிவிட்டது. பாட்டி அந்த வழி வந்த இதழ்களில் எழுதியிருந்தால் இந்தத் தொல்லை குறைவு. ஆனால் கதை என்கிறீர்கள், வாரப் பத்திரிகையாகத்தான் இருக்கும். 'ட்சி' என்று மட்டும் தேடிப் பாருங்கள். கட்சி, ஆட்சி, காட்சி எல்லாம் கூட்டமாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஆசாமி செய்யப்போவது என்ன? பக்கத்தின் படத்தை கூகுள் டிரைவில் ஏற்றி டாக்ஸாகத் திறந்தால் அதுவே எழுத்தாக்கித் தரும், காசில்லை. பொருள் பார்த்துத் தேடும் ஏஐ, 'விதவை மறுமணக் கதை' போன்ற தேடலுக்கு உதவும், ஆள் பெயருக்குச் சுமார்தான். அதற்கு 'இல்லை' என்று சொல்லத் தெரியாது, இருப்பதில் நெருக்கமானதை எடுத்து நீட்டும். சாட்பாட் இன்னும் மோசம். ஒருவர் பணம் கொடுத்து வாங்கிய பட்டியலைக் காட்டினார்: தேதி, பக்க எண் எல்லாம் கச்சிதம். அந்தப் பக்கத்தைத் திறந்தால் தைல விளம்பரம்!

இத்தனை லட்சம் பக்கம் ஸ்கேன் செய்தோம் என்று அறிக்கை விடுகிறார்கள். 'மலர் 7, இதழ் 12' என்பதோடு பட்டியல் முடிந்துவிடுகிறது. உள்ளே எழுதியவர் பெயரைச் சேர்க்க மட்டும் யாருக்கும் நேரமில்லை.

சரி, புனைபெயர் உண்டா என்று வீட்டில் கேளுங்கள். ஆண்டையும் உத்தேசமாகக் கேட்டுக்கொள்ளுங்கள். வார இதழ் என்றால் ஆண்டுக்கு 52 பொருளடக்கம், கண்ணாலேயே புரட்டிவிடலாம். தீபாவளி மலரிலிருந்து தொடங்குங்கள்.